பாணனுக்கு 1, மச்சானுக்கு 17

தங்கச்சிமடத்துத் தம்பி கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில் கிடக்கிறது. இவரும் இவர் மச்சானும் ஒரே கம்ப்யூட்டரில், தனித்தனி சேவ் (ஆட்டத்தை நிறுத்திய இடத்தின் பதிவு) வைத்துக்கொண்டு, பால்டர்ஸ் கேட் 3 என்ற கதை விளையாட்டை ஆடுகிறார்கள். இவர் எடுத்தது பார்ட், நம் பேச்சில் பாணன். வாயாலேயே காரியம் முடிக்கிற ஆள் வேண்டும் என்று பாயின்ட்டை எல்லாம் பேச்சில் கொட்டியிருக்கிறார். மச்சான் எடுத்தது கோடாலி தூக்கிய பார்பேரியன், முரட்டுச் சண்டைக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே காவலாளி, ஒரே வாக்குவாதம், இலக்கு எண் 15: இருபது முகப் பகடையில் விழுவதோடு ஆளின் கூடுதல் எண்ணைச் சேர்த்தால் அதைத் தொட வேண்டும். பாணனுக்குப் பகடையில் 1 விழுந்தது. மச்சானுக்கு 17 விழுந்து கதவு திறந்துவிட்டது. "எல்லாம் லக்குதான்டா, நீ பாயின்ட் போட்டது வேஸ்ட்டு" என்கிறார் மச்சான். "கம்ப்யூட்டர் ஏமாத்துது" என்கிறார் தம்பி. தோற்றவர் பரோட்டா வாங்க வேண்டுமாம். அதிர்ஷ்டமா, திறமையா என்று தீர்ப்புக் கேட்டிருக்கிறார்.

கேள்வி ஒன்றுபோலத் தெரிகிறது, ஆனால் திறமை என்று சொல்லும்போது அது யாருடைய திறமை என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. பாணனின் திறமை என்பது திரையில் எழுதியிருக்கும் எண். உங்கள் திறமை என்பது அந்தக் காவலாளி எப்படிப்பட்டவன், எதற்கு மசிவான் என்று படித்துப் பார்த்து வரியைத் தேர்ந்தெடுப்பது. இவை வேறு வேறு. மச்சான் "திறமைக்கு மதிப்பில்லை" என்பது பாணனின் எண்ணைப் பற்றி. உங்கள் கோபமோ, நீங்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்த பதில் வீணாகப் போனதைப் பற்றி. ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் மண்டபத்துக்காரன். படித்தது புள்ளியியல், பிழைத்தது பெங்களூரில் 11 வருடம் விளையாட்டுக் கம்பெனிகளில். முதலில் டெஸ்டிங், பிறகு உரையாடல் எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து எந்த இடத்தில் என்ன எண் வைப்பது என்று முடிவு செய்கிற வேலை. நீங்கள் ஆடும் விளையாட்டைச் செய்தவர்களில் நான் இல்லை. அது வெளியே காட்டும் விதிகளையும், நான் ஆடிப் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது கணக்கு, அதை முதலில் முடித்துவிடலாம். உங்கள் பாணன் மூன்றாம் லெவல் என்று வைத்துக்கொள்கிறேன். கரிஸ்மா, அதாவது ஆளை வசப்படுத்தும் குணம், 16 என்றால் பகடையோடு கூடுவது +3. பேச்சில் தேர்ச்சிக்கு +2. எக்ஸ்பெர்டைஸ் என்ற சிறப்புத் தேர்ச்சி எடுத்திருந்தால் அது இரட்டித்து +4. மொத்தம் +7. இலக்கு 15-ஐத் தொட, இருபது முகப் பகடையில் 8 விழுந்தால் போதும். 8 முதல் 20 வரை 13 முகங்கள், அதாவது 65 சதவீதம். மச்சானின் ஆளுக்குக் கரிஸ்மா 8 என்றால் −1. அவருக்கு 16 விழ வேண்டும். அது 5 முகங்கள், 25 சதவீதம். 17 விழுந்து ஒன்று கழிந்து 16 ஆனது, முறைப்படி ஜெயித்திருக்கிறார். நீங்கள் தோற்று அவர் ஜெயிப்பதற்கான வாய்ப்பு 0.35-ஐ 0.25-ஆல் பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 9 சதவீதம். பதினோரு தடவைக்கு ஒரு தடவை நடக்கும். நீங்கள் ஜெயித்து அவர் தோற்பது 49 சதவீதம். இதே மாதிரி பத்து வாக்குவாதம் நடந்தால் உங்களுக்குச் சராசரியாக ஆறரை, அவருக்கு இரண்டரை. அந்தப் பத்தின் முடிவில் மச்சான் உங்களைவிட அதிகம் ஜெயித்திருப்பது நூற்றில் ஒன்று இரண்டு தடவைதான் நடக்கும். ஒரு உருட்டலில் அதிர்ஷ்டம் பெரியது. பத்து உருட்டலில் எண் பெரியது. மச்சான் ஒரு உருட்டலை வைத்துக்கொண்டு பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். (அவர் அந்த 17-க்கு முன்னால் எத்தனை தடவை பழைய சேவுக்குத் திரும்பி லோட் பண்ணினார் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். மூன்று தடவை முயற்சி செய்தால் அவருடைய 25 சதவீதம் 58 ஆகிவிடும்.)

அந்த 1 மட்டும் தனிக் கதை. இந்த விளையாட்டில் பகடையில் 1 விழுந்தால், உங்கள் கூடுதல் எண் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. 20 விழுந்தால் வெற்றி. இது எந்த மேசை விளையாட்டிலிருந்து வந்ததோ, அந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தில் அப்படி இல்லை. அங்கே 1-க்கும் 20-க்கும் அந்தத் தனி மரியாதை சண்டையில் அடிக்கும் பகடைக்குத்தான், பேச்சுப் பகடைக்குக் கிடையாது. இங்கே இரண்டுக்கும் வைத்திருக்கிறார்கள். எனவே எவ்வளவு பெரிய பேச்சாளனுக்கும் இருபதில் ஒரு தடவை நாக்குக் குழறும். எனக்கு இது பிடிக்காது. ஆனால் இது விதி, ஏமாற்று இல்லை.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா? என் அனுபவத்தில் விளையாட்டுகள் ஏமாற்றுவது உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆடுகிறவர் பக்கம் சாய்த்து. ஃபயர் எம்பளம் என்ற போர் விளையாட்டுத் தொடர் 2002 முதல் பல விளையாட்டுகளில், அடி படுமா என்று முடிவு செய்ய, இரண்டு சீரற்ற எண்களை எடுத்துச் சராசரி பார்க்கிறது. திரையில் 90 சதவீதம் என்று காட்டுவது உள்ளே ஏறக்குறைய 98. ஏன் தெரியுமா? 90 சதவீதம் என்றால் நம் மனது "கண்டிப்பா" என்றுதான் படிக்கிறது. பத்தில் ஒரு தடவை தவறினால் திருட்டு என்கிறது. சிவிலைசேஷன் விளையாட்டைச் செய்த சிட் மையர் 2010-இல் விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் இதையேதான் பேசினார்: மூன்றுக்கு ஒன்று என்று சாதகமாக இருக்கும் சண்டையில் தோற்றால் ஆடுகிறவர்கள் ஒத்துக்கொள்வதே இல்லை. உங்கள் விளையாட்டிலும் கார்மிக் டைஸ் என்று ஒரு வசதி, நீங்கள் அணைக்காதவரை, ஓடிக்கொண்டிருக்கும். தொடர்ந்து தோல்வியாக விழுவதைத் தடுப்பது அதன் வேலை. செட்டிங்கில் போய் அணைத்துவிட்டால் வெறும் பகடை. எது இருந்தாலும் ஒரே ஒரு 1-ஐ வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அணைத்துவிட்டு 100 உருட்டலைக் குறித்து வையுங்கள். 1 என்பது சராசரியாக 5 தடவை விழ வேண்டும், 8 விழுந்திருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 15 விழுந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கணக்கு சரி, ஆனால் கோபம் போகாது என்று தெரியும். எனக்கும் போகாது. அது ஏன் என்று எனக்கு விளங்கியது என் அப்பத்தாவுடன் தாயம் ஆடியதை நினைத்தபோதுதான். தாயத்தில் முதலில் கட்டை உருளும், அப்புறம்தான் நாம் யோசிப்போம். ஐந்து விழுந்துவிட்டது, எந்தக் காயை நகர்த்துவது, எதிரியை வெட்டுவதா, பத்திரமாக ஏறி உட்காருவதா? அப்பத்தாவுக்கு எவ்வளவு மோசமாக விழுந்தாலும் அதில் ஒரு வழி கண்டுபிடித்துவிடும். கட்டையைத் திட்டியதே இல்லை. தாயமே விழாமல் காய் இறங்காமல் கிடக்கும் அந்த ஆரம்பத்தில் மட்டும்தான் திட்டும், அந்த நேரத்தில் யோசிக்க ஒன்றும் இல்லாததால். பால்டர்ஸ் கேட் பேச்சு இதற்குத் தலைகீழ். முதலில் யோசிக்கிறீர்கள், வரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், கடைசியில் பகடை வந்து அதன்மேல் உட்காருகிறது. அதிர்ஷ்டம் முடிவுக்கு முன்னால் வந்தால் அதைச் சமாளிப்பது திறமை. பின்னால் வந்தால் அது நம் திறமைமேல் துப்பிவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறது. எங்கள் தொழிலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முதல் பாடம். இரண்டிலும் சதவீதம் ஒன்றாகவே இருக்கலாம், வலி ஒன்றாக இருக்காது.

என் அண்ணன் இன்னும் வல்லத்தில்தான் மீன்பிடிக்கப் போகிறான். அவனுக்கும் அதிர்ஷ்டம் பின்னால்தான் வருகிறது: காற்றைப் பார்த்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, எங்கே வலை விடுவது என்று முடிவு செய்த பிறகுதான் கடல் பதில் சொல்கிறது. "இன்னைக்குப் பாடு இல்ல" என்று வந்து உட்கார்ந்து டீ குடிக்கிறான். ஆத்திரப்படுவதில்லை, நாளைக்கும் கடல் இருக்கிறது. விளையாட்டில் அந்தக் காவலாளி நாளைக்கு இல்லை. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

பேச்சுக்குப் பகடை எதற்கு, நல்ல பதிலைத் தேர்ந்தெடுத்தால் ஜெயிக்கட்டுமே என்பது உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. 1974-இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோதே, எதிரே வரும் ஜந்து நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதை இரண்டு ஆறுமுகப் பகடை போட்டு முடிவு செய்யும் அட்டவணை அதில் இருந்தது. அப்போதிருந்தே மேசையில் இந்தச் சண்டை உண்டு. பகடைக்காரர்கள் சொல்லும் நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது: கதவை உடைக்க வேண்டுமானால் யாரும் உங்களை எழுந்து போய் நிஜக் கதவை உடைக்கச் சொல்வதில்லை, பார்பேரியனின் பலத்தைப் பார்க்கிறார்கள். அப்படியானால் கூச்ச சுபாவக்காரர் ஒருவர் வாய்ச்சாலகப் பாணனாக ஆட ஆசைப்பட்டால் அவரை மட்டும் ஏன் நிஜமாகப் பேசிக் காட்டச் சொல்ல வேண்டும்? மேசையில் ஆட்டத்தை நடத்துகிறவர் மனிதர் என்பதால், நல்ல வாதம் வைத்தால் இலக்கு எண்ணைக் குறைத்துத் தருவார். கம்ப்யூட்டருக்குக் காது இல்லை. எழுதி வைத்த நான்கு வரிகளில் ஒன்றை நீங்கள் அழுத்துகிறீர்கள், அவ்வளவுதான்.

பகடையைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஃபால்அவுட் 3 என்ற விளையாட்டு, 2008-இல், பேச்சு பலிக்கும் வாய்ப்பைச் சதவீதமாகக் காட்டியது. எல்லோரும் சேவ் பண்ணி, தோற்றால் லோட் பண்ணி, ஜெயிக்கும்வரை அழுத்தினோம். 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸ் அதை மாற்றி, 50 வேண்டும், உன்னிடம் 35 இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிட்டது. எண் இருந்தால் நிச்சய வெற்றி, இல்லையென்றால் நிச்சயத் தோல்வி. பத்தாத எண்ணோடு அழுத்தினால் உங்கள் ஆள் அசட்டுத்தனமாக எதையாவது உளறுவான். அந்த உளறலுக்காகவே நான் வேண்டுமென்று அழுத்தியிருக்கிறேன். அதிர்ஷ்டம் போயிற்று, சேவ்-லோட் கூத்தும் போயிற்று. ஆனால் திறமை வந்ததா? எண் இருந்தால் பச்சை விளக்கு எரிகிற மாதிரிதான். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூடத் தேவையில்லை. போதாக்குறைக்கு, பேச்சு பற்றிய பத்திரிகை ஒன்றைப் படித்தால் சற்று நேரத்துக்கு 10 கூடும். பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று கைடு புரட்டுவது போல, வாசலில் நின்று படித்துவிட்டு உள்ளே போய்ப் பேசுவோம்.

உண்மையிலேயே ஆடுகிறவரைச் சோதித்தது என்று எனக்குத் தோன்றுவது 2011-இல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன். அதில் சில பேச்சுகள் சண்டை மாதிரி நடக்கும். எதிரே இருப்பவன் முகம் மாறுவதை, அவன் சொன்னதன் தொனியை வைத்து, அடக்கிப் பேசுவதா, புரிந்துகொண்டதுபோலப் பேசுவதா என்று பிடிக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்துப் பையன்களோடு ஆடிய பிறகுதான் ஒன்று உறைத்தது. இது திறமையைச் சோதிக்கிறது என்பது சரி, எந்தத் திறமையை? ஆங்கிலத்தில் ஒரு மனிதன் சுற்றி வளைத்துப் பேசுவதை ஒரே கேட்பில் பிடிக்கிற திறமையை. மீன் ஏலத்தில் எதிராளியின் புருவத்தைப் பார்த்தே விலை சொல்கிற பையன் அங்கே தடுமாறினான். இந்த விளையாட்டுகள் எதுவும் தமிழில் வருவதில்லை. அதனால் சொல்கிறேன், "பகடை வேண்டாம், ஆடுகிறவரின் திறமை போதும்" என்பது கேட்க நியாயமாக இருந்தாலும் அது எல்லோருக்கும் நியாயமில்லை. பாணனுக்கு நீங்கள் போட்ட எண், உங்கள் ஆங்கிலம் தடுமாறுகிற இடத்திலும் உங்களைத் தாங்குகிறது. இதை வேறு ஊர்க்காரர்கள் எழுதுவதை நான் அதிகம் பார்த்ததில்லை; நம் கரையில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

இப்போது நாளைக்கும் கடல் இருக்கிற விஷயம். 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியம் என்ற துப்பறியும் விளையாட்டு இரண்டு ஆறுமுகப் பகடை போடுகிறது. இரண்டு பகடை என்பதே ஒரு வித்தியாசம்: இருபது முகத்தில் 1-ம் 10-ம் ஒரே அளவு விழும், இரண்டு ஆறில் நடுவில் இருக்கும் 7-தான் அதிகம், 36-க்கு 6, இரண்டு 1 விழுவது 36-க்கு ஒன்றுதான். கடைக்கோடி விபத்து அங்கே குறைவு. வெள்ளைச் சோதனை, சிவப்புச் சோதனை என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். சிவப்பு ஒரே தடவை. வெள்ளையில் தோற்றால், அந்தத் திறனில் ஒரு பாயின்ட் ஏற்றிக்கொண்டோ புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டோ திரும்பி வரலாம். முன்னால் யாரிடம் என்ன பேசினீர்கள், எதைக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்குக் கூட்டலும் கழித்தலும் உண்டு. சில இடத்தில் தோற்றால்தான் காட்சி இன்னும் நன்றாக இருக்கும். அதில் தோற்றுவிட்டு லோட் பண்ண எனக்குக் கை வந்ததில்லை.

எங்கள் கம்பெனியில் நடந்த ஒன்று. சுங்கச்சாவடிக் காவலனோடு ஒரு பேச்சு எழுதினோம், 60 சதவீத வாய்ப்பு. தோற்றால் "முடியாது, போ" என்று ஒரு வரி, வழி அடைபடும். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே புகார்: பகடை கள்ளப் பகடை. இரண்டு நாள் உட்கார்ந்து நிரலைச் சோதித்தோம், பகடை சுத்தம். கடைசியில் எழுதுகிறவர் ஒருவர், தோற்றால் காவலன் உங்களைப் பிடித்து உள்ளே அடைப்பதாக மாற்றி எழுதினார். எப்படியோ உள்ளே போய்விடுகிறோம், கையில் விலங்கோடு. சதவீதத்தை நாங்கள் தொடவில்லை, அதே 60. புகார் நின்றுவிட்டது. அதிர்ஷ்டத்தைப் பற்றிய புகார்களில் பாதி, தோற்ற பிறகு ஒன்றும் கிடைக்காததைப் பற்றியது என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். இது என் அனுபவம்தான், சூத்திரம் இல்லை.

இனி உங்கள் கையில் இருப்பது. பாம்பனில் மீன் ஏலம் எடுக்கிற ஒரு அக்காவைத் தெரியும். அவர் வாயைத் திறக்கும்போது பேரம் முக்கால்வாசி முடிந்திருக்கும். எந்தப் போட்டுக்காரருக்கு யாரிடம் கடன், இன்றைக்கு ஐஸ் இருக்கிறதா, கேரளா வண்டி வந்துவிட்டதா என்று எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கூடைப் பக்கம் வருவார். பேச்சுத் திறமை என்று வெளியே தெரிவது கடைசி ஒரு நிமிடம். உங்கள் விளையாட்டிலும் அப்படியே. பகடைத் திரை வந்த பிறகும் உருட்டுவதற்கு முன்னால் உதவி சேர்க்க இடம் உண்டு. கூட வரும் கிளெரிக், அதாவது பூசாரி, யாராவது கைடன்ஸ் மந்திரம் போட்டால் ஒரு நான்குமுகப் பகடை கூடும். உங்கள் 65 அதனால் 77.5 ஆகிறது. ஃப்ரெண்ட்ஸ் மந்திரம் போட்டால் இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அது மட்டும் இருந்தால் 88 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 95-ஐத் தொடுகிறது, அந்தக் கேடுகெட்ட 1 இரண்டு தடவையும் விழுவது 400-க்கு ஒன்று. அதற்கும் மேல் இன்ஸ்பிரேஷன் என்ற பாயின்ட்டை நான்கு வரை சேர்த்து வைக்கலாம், ஒன்றைச் செலவழித்தால் மறுபடி உருட்டலாம். இதில் எதையாவது செய்தீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. செய்யாமல் நேராக உருட்டியிருந்தால், பாணனின் திறமை அங்கே இருந்தது, உங்களுடையது இன்னும் களத்தில் இறங்கவில்லை என்றுதான் சொல்வேன். எந்த இடத்தில் உருட்டவே கூடாது என்று தெரிவதும் இதில் சேர்த்திதான். சில காவலாளிகளைப் பேசாமலே சுற்றிக்கொண்டு போகலாம்.

பரோட்டா விஷயம். "எல்லாம் லக்கு" என்ற மச்சானும் தோற்றார், "ஏமாத்துது" என்ற நீங்களும் தோற்றீர்கள். ஆளுக்குப் பாதி கொடுங்கள், சால்னா மச்சான் கணக்கில், லோட் பண்ணியிருந்தால்.

பாணனை மாற்றிவிட்டு வேறு ஆள் எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முகாமில் விதர்ஸ் என்ற எலும்புக்கூடு ஆசாமி இருப்பார். 100 தங்கம் கொடுத்தால் அதே ஆளைப் பாணனிலிருந்து பார்பேரியன் மாதிரி வேறு வகை ஆளாக மாற்றித் தருவார், புதிதாக ஆரம்பிக்கத் தேவையில்லை. ஆனால் நான் மாற்ற மாட்டேன். +7 வைத்திருக்கும் ஆளை ஒரு 1-க்காகக் கைவிட்டால் அடுத்த வாக்குவாதத்தில் நீங்களும் 16 விழ வேண்டும் என்று உட்கார்ந்திருப்பீர்கள்.